மலையில் காணிக்காரர் போராட்டம், கீழே நம்ம வேலை: அனுபவப் பகிர்வு

குலசேகரத்துக்காரர்:

குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை, கடையால் பக்கத்துக் காணிப் பழங்குடிக் குடியிருப்புகள் நில உரிமை கேட்டு உட்காரும்போது மார்த்தாண்டம், நாகர்கோவிலில் இருந்து துணைக்கு ஆள் வருவது புதிதில்லை. வருகிறவர்கள் முதலில் கையில் வாங்க வேண்டியது ஒரு தாள்: குடியிருப்பின் கிராமசபைத் தீர்மான நகல். கோரிக்கை என்ன, அதிகாரியிடம் பேசப்போகும் இருவர் யார், நம்மிடம் கேட்கும் உதவி வண்டியா, கஞ்சியா, வக்கீலா, தாள் வேலையா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பேச்சுவார்த்தைக்கு, சட்டை மடிப்பைப் பார்த்து, நம்மைத்தான் உள்ளே கூப்பிடுவார்கள். நாமும் எதற்கோ தலையாட்டிவிட்டு வருவோம். மறுநாள் யாராவது மேலே போய் "இவங்கள நீங்களா கூப்பிட்டீங்க?" என்று வீடு வீடாகக் கேட்பார்கள். பயந்தவர் இல்லை என்று சொன்னால் அதோடு போராட்டம் படுத்துவிடும்.

தீர்மானம் செல்ல வேண்டுமானால் கோரம், அதாவது வர வேண்டிய குறைந்தபட்ச ஆள் கணக்கு, சரியாக இருக்க வேண்டும். வன உரிமைச் சட்ட விதிகளின் 2012 திருத்தத்துக்குப் பிறகு மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். நில உரிமை மனுக்கள் மீது தீர்மானம் போடுவதானால் மனுதாரர்களிலும் பாதிப்பேர் இருக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்குக் கூட்டம் வைத்தால் இந்தக் கணக்கு நிறையாது. விடியலில் ரப்பர் வெட்டப் போகிறவர்கள் பால் எடுத்து, ஷீட் அடித்துவிட்டு வரப் பதினொன்று ஆகிவிடும்.

கடையால் பேரூராட்சி. "இங்கே கிராமசபையே கிடையாதே" என்று அலுவலகத்தில் மடக்குவார்கள். வன உரிமைச் சட்டத்தில் கிராமம் என்றால் பழைய குடியிருப்புகளும் அளவை செய்யாத ஊர்களும் அடக்கம். அந்தப் பிரிவை, 2(p), அச்சடித்துக் கையில் வைத்திருங்கள். வாயால் வாதாட வேண்டாம்.

தக்கலை மனு எழுதுபவர்:

என் பங்குக்குத் தாள் வேலை. உண்ணாவிரதமும் ஊர்வலமும் ஒரு நாளில் முடிந்துவிடும், மனு வருடக்கணக்கில் கிடக்கும். அதனால் கீழே இருந்து வருகிறவர்களில் பாதிப்பேரையாவது இதில் உட்கார வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

தனிநபர் உரிமைக்கு படிவம் அ, சமூக உரிமைக்கு ஆ, சமூக வன வளத்துக்கு இ. எல்லோரும் அ-வை மட்டும் நிரப்பிவிட்டு ஓய்ந்துவிடுகிறார்கள். தேன், மூங்கில் எடுக்கிற காடும் தெய்வம் இருக்கிற இடமும் ஆ, இ-யில்தான் வரும்.

பழங்குடியினருக்கு 13.12.2005-க்கு முன்பு அனுபோகத்தில் இருந்தது தெரிந்தால் போதும். இது தெரியாமல் திருவிதாங்கூர் காலத்துத் தாளைத் தேடி ஆறு மாதம் ஓடுவார்கள். 75 வருஷக் கணக்கு, அதே மலையில் இருக்கும் பழங்குடி அல்லாத மற்ற குடும்பங்களுக்குத்தான். அவர்களுக்கு மலையாளத் தாள் கிடைத்தால் அதில் உள்ள கொல்லம் ஆண்டை (மலையாள ஆண்டு) ஆங்கில ஆண்டாகச் சரியாக மாற்றுங்கள். சிங்க மாதத்தில் (ஆவணி) ஆண்டு பிறப்பதால் டிசம்பர் வரைக்கும் 824 கூட்டணும், ஜனவரியில் இருந்து 825. கொல்லம் 1095 மகரம் (தை) என்றால் 1920. இதில் ஒரு வருஷம் பிசகினால் தாள் முழுவதையும் சந்தேகப்படுவார்கள்.

சான்று குறைந்தது இரண்டு வேண்டும். அரசுத் தாள் இல்லையென்றால் மூத்தவர் வாக்குமூலமும், நிலத்தில் கண்ணுக்குத் தெரிகிற அடையாளமும் சேர்ந்து போதும்: வீடு, கல் கட்டிய வரப்பு, சுடுகாடு. பழைய அயனி, பலா மரங்கள் நிற்பதையும் மகஜரில் (நேரில் பார்த்து எழுதும் அறிக்கை) எழுதி வாங்குங்கள். வாக்குமூலம் கொடுக்கும் பெரியவர் மனுதாரராக இருக்கக்கூடாது. இங்கே கீழே இருந்து வரும் படித்த பிள்ளைகள் செய்யும் கெடுதல் ஒன்று உண்டு. ஒரே வாக்குமூலத்தைக் கணினியில் அடித்து, பெயரை மட்டும் மாற்றி முப்பது பேருக்குக் கொடுப்பார்கள். சரிபார்க்கிறவர் இரண்டாவது தாளிலேயே கண்டுபிடித்துவிடுவார். பெரியவர் சொல்கிறபடியே, "கிழக்கே தோடு (ஓடை), மேற்கே என் மாமன் விளை" என்று எழுதுங்கள். மோசமான கையெழுத்தானாலும் பரவாயில்லை.

அளவு: மலையில் பேச்சு செண்டிலும் ஏக்கரிலும், படிவம் கேட்பது ஹெக்டேரில். 1 ஹெக்டேர் 247 செண்ட். ஒரு ஏக்கர் ஐந்து செண்டை 1.5 ஏக்கர் என்று எழுதிவிடுகிறார்கள், அது 1.05 ஏக்கர். உச்சவரம்பு 4 ஹெக்டேர், அதுவும் உண்மையில் கையில் இருக்கும் நிலத்துக்குத்தான். கணவன் மனைவி இருவர் பெயரும் போட வேண்டும். மனைவி பெயர் விட்டுப்போன மனு அப்படியே திரும்பி வரும். செல்போனில் எல்லை குறிக்கும்போது மரத்தடியில் புள்ளி பத்து மீட்டர், அதற்கு மேலும் தள்ளிக் காட்டும். மூலைக்கு மூலை கொஞ்ச நேரம் அசையாமல் நின்று, இரண்டு போனில் பார்த்து எழுதுங்கள்.

மனு கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் படி இறங்கக்கூடாது. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கிராமசபைத் தீர்மானத்தின் மேல் பத்மநாபபுரம் சப்-கலெக்டர் தலைமையிலான கோட்டக் குழுவுக்கு மேல்முறையீடு செய்ய 60 நாள், கோட்டக் குழு முடிவின் மேல் மாவட்டக் குழுவுக்கு இன்னொரு 60 நாள். கோட்டக் குழுக் கூட்டக் குறிப்பு கேட்டுத் தகவல் உரிமை மனுவை, 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, அன்றைக்கே போடுங்கள். பதிலுக்கே 30 நாள், அதாவது கெடுவில் பாதி, போய்விடும்.

வக்கீல், பத்மநாபபுரம் கோர்ட்:

வெளியேறச் சொல்லி வாய்மொழி மிரட்டல் வந்தால் வன உரிமைச் சட்டப் பிரிவு 4(5) போதும்: உரிமை சரிபார்ப்பு முடியும்வரை யாரையும் அகற்றக்கூடாது. வன உரிமையை அனுபவிக்க விடாமல் தடுப்பது 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(g)-யிலும் வரும், டி.எஸ்.பி. மட்டத்தில் விசாரணை. ஆனால் இதை மிரட்டுவதற்காக எடுத்த எடுப்பில் மேடையில் பேசாதீர்கள். தேதி, நேரம், யார் என்ன சொன்னார் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தால்தான் வழக்கு நிற்கும்.

நம் மாவட்டத்தில் பெரும்பாலும் கூட்டம், ஊர்வலத்துக்கு முன் அனுமதி கேட்கும் காவல் சட்டப் பிரிவு 30(2) அமலில் இருக்கும். அனுமதி மனுவை ஒரு வாரம் முன்பே ஸ்டேஷனில் கொடுத்து, டி.எஸ்.பி.க்கு நகல் போடுங்கள். இடம், நேரம், எத்தனை பேர், ஒலிபெருக்கி உண்டா எல்லாம் அதில் இருக்கட்டும். மறுத்தால் எழுத்தில் கேளுங்கள், அது இருந்தால்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போக முடியும். முந்தின நாள் சாயங்காலம் மறுத்தால் போக நேரம் இருக்காது என்பது அவர்களுக்கும் தெரியும். ஒரு வாரம் என்பது அதற்காகத்தான். கையெழுத்துப் போடுவது கீழே நிலையான முகவரி உள்ளவராக இருக்கட்டும். சம்மன் கையெழுத்திட்டவருக்குத்தான் வரும். மலையில் இருப்பவருக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலி.

மோதிரமலைப் பக்கத்துக் காணிக்காரர்:

வக்கீல் சார் சொன்னதில் கையெழுத்து விஷயம் மட்டும் ஒத்துக்க முடியாது. கீழ உள்ளவர் மட்டும் ஒப்பு போட்டா "வெளியாளு தூண்டிவிட்டான்"னு அன்னைக்கே எழுதிருவாங்க. எங்க ஆளு ஒருத்தர், உங்க ஆளு ஒருத்தர், ரெண்டு ஒப்பு. வாய்தாக் கூலிய நீங்க பிரிச்சுக் குடுங்க, அதுதான் உதவி.

இன்னொண்ணு. கூப்பிடாம மேல வராதீங்க. இங்க பல குடி சரணாலயத்துக்குள்ள இருக்கு. நாங்க குடியிருக்கிறவங்க, வெளியாளுக்கு அனுமதி வேணும். அனுமதி இல்லாம ஜீப்புல ஏறி வந்து மாட்டினா உங்களுக்கு அபராதம், அதுக்குப் பெறவு எங்க பிள்ளைங்க விறகு எடுக்கப் போனாலும் செக்போஸ்ட்ல நிப்பாட்டுவாங்க. கூட்டம் பேசணும்னா பேச்சிப்பாறை ஜங்ஷன்ல வச்சுக்கலாம். குடித்தலைவர் மூட்டுக்காணிகிட்ட மொதல்ல பேசுங்க, ஆனா அவரோட மட்டும் முடிச்சிராதீங்க. பொம்பளைங்கதான் நிலத்துல வேலை பாக்கிறது. போட்டோவுல மருந்துச் செடி, தெய்வம் இருக்கிற எடம் ரெண்டும் வேண்டாம். ஆரோக்கியப்பச்சைங்கிற மருந்துச் செடியக் காட்டிக் குடுத்த கதை கேரளத்துக் காணிகளுக்குத் தெரியும்.

மார்த்தாண்டம் அடுக்களை:

நூறு பேருக்கு மத்தியானக் கஞ்சி: சம்பா அரிசி 9 கிலோ, சிறுபயறு 4 கிலோ, மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) 25 கிலோ, தேங்காய்த் துவையலுக்கு 15 தேங்காய், நாரத்தங்காய் ஊறுகாய். சோறு, குழம்பு என்று போனால் அரிசி 15 கிலோ ஆகும், பாத்திரமும் கூட வேணும், பரிமாறவே ஒரு மணி நேரம் போய்விடும். தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் பதினைந்து. தக்கலையில் போராட்டம் வைக்கும்போது மறக்கிற விஷயம் கழிப்பறை. பக்கத்து ஆலயத்திலோ கல்யாண மண்டபத்திலோ முந்தின நாளே சாவி கேட்டு வையுங்கள். இல்லாவிட்டால் பெண்கள் காலையில் இருந்து தண்ணீரே குடிக்காமல் வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள்.

நேரத்தைப் பின்னால் இருந்து கணக்குப் போடுங்கள். அணைக்கு அக்கரைக் குடியிருப்புக்காரர்கள் இருட்டுவதற்குள் படகு ஏற வேண்டும், கரையிறங்கி நடக்கிற வழியில் யானையும் உண்டு. மூன்று மணிக்குத் தக்கலையில் இருந்து வேன் கிளம்பியாக வேண்டும். அதனால் போராட்டம் பதினொன்றில் இருந்து இரண்டரை. தலைவர்கள் பேச்சை ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று வெட்டுங்கள், கட்சி பேதம் இல்லாமல். திங்கட்கிழமை குறைதீர் நாளில் நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் என்றால் இன்னும் இழுக்கும், ராத்தங்க ஏற்பாடு வேண்டும். ஆனி, ஆடியிலும் ஐப்பசியிலும் மழை, அப்போது தார்ப்பாய் இல்லாமல் இறங்காதீர்கள்.

பேனர் ஒன்றே ஒன்று, கிராமசபை பெயரில். தொழிற்சங்கம், திருச்சபைப் பங்கு, மீனவர் அமைப்பு எல்லோரும் வரட்டும், கொடியை வண்டியிலேயே வைத்துவிட்டு வரட்டும். கிள்ளியூர்ப் பக்கம் கடற்கரை மண்ணெடுப்பை எதிர்க்கிற ஊர்களில் இருந்து ஒரு வேன் வந்தால் அதன் மதிப்பே வேறு, அடுத்த முறை மலைக்காரர்கள் அங்கே போவார்கள்.

கணக்கு பார்ப்பவர்:

பணத்தைத் தனியார் கூகுள் பே எண்ணில் வாங்காதீர்கள். குடியிருப்பைச் சேர்ந்த இருவரும் கீழே ஒருவரும் சேர்ந்து கூட்டுக் கணக்கு, எடுக்க இருவர் கையெழுத்து. கல்ஃபில் இருக்கும் நம்மூர்க்காரர்கள் இந்தியக் குடிமக்களாக இருந்து, சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் அனுப்பினால் ஆகும், அதற்குப் பதிவு வேண்டும். அந்தப் பணத்தை மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒரு தவறான வரவை வைத்து மொத்தக் கணக்கையும் கிளறுவார்கள்.

செலவில் வேனும் கஞ்சியும் பெரிதாகத் தெரியும், ஆனால் கடைசியில் தின்பது நகல் எடுப்பும் மொழிபெயர்ப்பும் வாய்தாவும்தான். திரட்டியதில் பாதியைப் போராட்ட நாளில் தொடாமல் அதற்கு ஒதுக்கி, மாதாமாதம் பாஸ்புக் பக்கத்தை நகலெடுத்துக் குடியிருப்பில் ஒட்டுங்கள்.