மேடைப் பேச்சை விட மத்தியானம் போட்ட மேஜைதான் உதவியது

கணவனை இழந்த பெண்களுக்கு நடத்துகிற ஊக்கக் கூட்டமெல்லாம் வெட்டி வேலை என்று ஒருவர் எழுதியிருந்தார், பாதி ஒத்துக்கொள்கிறேன்.

என் அக்கா வீட்டுக்காரர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர், போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். அதற்கப்புறம் அக்கா வாசற்படி தாண்டவே இல்லை. கணவனை இழந்த பெண்களுக்காக வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு நாள் கூட்டம் நடக்கிறது என்று கேள்விப்பட்டு நான்தான் வம்படியாகக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் வழக்கம்போல சந்தனம், குங்குமம், கல்கண்டுத் தட்டோடு ஒரு சின்னப் பெண். அக்கா கையை நீட்டவில்லை. பின்னால் நின்ற ஒரு அம்மா, "எட்த்துக்கோ கண்ணு, யாரு இன்னா கேட்டுடப் போறா" என்று சொல்லித் தானும் கொஞ்சம் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். என்னைக் கேட்டால் அன்றைக்கு ஊக்கப் பேச்சு அதோடு முடிந்தது. மேடையில் கோட்டுப் போட்ட ஒருவர் 'உங்களுக்குள் ஒரு சிங்கம் தூங்குகிறது' என்று முழங்கிக்கொண்டே இருந்தார், சிங்கத்தோடு சேர்ந்து முன்வரிசையும் தூங்கியது.

அவருக்கு அடுத்து பேர்ணாம்பட்டிலிருந்து வந்த ஒரு பெண் மைக் பிடித்தார், தோல் ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிறவர். "மொத மாசம் ஊரே வருது. மூணாம் மாசம் கரண்ட் பில்லு மட்டுந்தான் வருது. கூட்டம் போடறதுன்னா அப்போ போடுங்க." கைதட்டல் அடங்கவே இல்லை.

மத்தியானம்தான் விஷயமே. ஓய்வு பெற்ற பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) அலுவலக ஊழியர் ஒருவர் ஓரமாக மேஜை போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவர் காகிதத்தையும் வாங்கிப் பார்த்தார். வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்தால் பிஎஃப் பணம் தவிர இடிஎல்ஐ என்று ஒரு காப்பீட்டுத் தொகையும் உண்டு, உச்சவரம்பு 7 லட்சம், அதற்குத் தொழிலாளி சம்பளத்தில் ஒரு பைசா பிடிப்பதில்லை, முதலாளிதான் கட்டுகிறார். இது அக்காவுக்குத் தெரியாது, கம்பெனியிலும் யாரும் வாய் திறக்கவில்லை. பிஎஃப் வழியாக வரும் விதவை பென்ஷனுக்கு 10 வருடம் சர்வீஸ் வேண்டும் என்று சொந்தக்காரர்கள் குழப்பி வைத்திருந்தார்கள். அதெல்லாம் உயிரோடு இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு, இறந்தவர் ஒரு மாதம் பென்ஷன் கணக்கில் கட்டியிருந்தாலே மனைவிக்கு உண்டு, இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரைக்கும் தனியாக வரும் என்றார். 20, 10டி, 5ஐஎஃப் என்று மூன்றாக இருந்த படிவத்தை இறப்புக்கென்று ஒன்றாக்கி விட்டார்களாம், அதையே அங்கே உட்கார்ந்து நிரப்பினோம்.

இடித்தது பெயர்தான். ஆதாரில் மாமாவின் இனிஷியல் முன்னால், இறப்புச் சான்றிதழில் பின்னால், பிஎஃப்பில் இனிஷியலே இல்லை. முதலில் இதைச் சரி செய்யுங்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பென்சிலில் வட்டம் போட்டுக் கொடுத்தார். அதனால் போகிறவர்கள் மூலச் சான்றிதழ், பாஸ்புக் எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள், ஜெராக்ஸ் மட்டும் போதாது.

தூக்கமில்லாமல் தவிப்பவர்களுக்கு 14416 என்ற இலவச மனநல எண்ணையும் கொடுத்தார்கள். அக்கா இன்னும் கூப்பிடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

ஒன்று மட்டும் அங்கே கேட்க விட்டுப்போனது. அக்கா பெயரில் குழுக் கடன் ஓடுகிறது, வாரத் தவணைக்கு ஆள் வந்து வாசலில் நிற்கிறார். கடன் கொடுக்கும்போதே கணவன் மனைவி இரண்டு பேருக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் என்று பிடித்தார்கள். அதை வைத்து மீதிக் கடனை அடைத்தவர்கள் ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் யாராவது இருந்தால் என்னென்ன காகிதம் கேட்டார்கள் என்று சொல்லுங்கள்.