டைட்டானொப்சிஸ் கல்செடிக்கு டொலமைட் (சுண்ணாம்புச் சத்துள்ள கல்மாவு) போடலாமா?

ஊவாக்காற்று:
"டொலமைட் கலக்காவிட்டால் டைட்டானொப்சிஸ் பாயாகப் படராது" என்று நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். புதிதாக வளர்க்கிறவர்கள் இதை நம்பியே சட்டியைக் கெடுக்கிறார்கள். இந்தக் கல்செடிக்கு வேண்டியது வடிகால். கருங்கல் சிறுசல்லி 3 பங்கு, கழுவிய ஆற்றுமணல் 1, மக்கிய மண் 1. டொலமைட் மாவு சல்லியின் இடுக்கை அடைத்து ஈரத்தைப் பிடித்துவைக்கும், வேர் அழுகும்.

நானுஓயா_தோட்டம்:
எழுதியது நான்தான், நேராகவே கேட்கலாம். செடியின் முழுப்பெயர் டைட்டானொப்சிஸ் கல்கேரியா; கல்கேரியா என்ற பெயரே சுண்ணாம்பைக் குறிப்பது. தென்னாபிரிக்காவில் சுண்ணாம்புக் கல்லில் வளர்கிற செடி அது. கவாத்து வெட்டிய தேயிலை மலைக்கே டொலமைட் போடுகிறோம், 6 அங்குலச் சட்டிக்கு ஒரு தேக்கரண்டி போட்டால் என்ன கெட்டுவிடும்?

ஊவாக்காற்று:
மலைக்குப் போடுவது புளிப்பு மண்ணுக்காக. சட்டியில் தேயிலை மண்ணை யார் போடச் சொன்னது? இலை நுனியில் தெரியும் வெள்ளைப் பருக்கள் சுண்ணாம்புப் படிவு இல்லை, செடியின் சொந்தத் தோல். டொலமைட் இல்லாமலும் அவை வரும். வெயில் போதாவிட்டால்தான் இலை நீண்டு பாய் குலையும்.

ஹட்டன்_கள்ளி:
அண்ணன்மார், பாயைப் பிரிப்பது எப்படி?

ஊவாக்காற்று:
மண் நன்றாகக் காய்ந்த பிறகு கழற்றுங்கள். ஒவ்வொரு கொத்தோடும் தண்டும் வேரும் இருக்கும்படி கத்தியால் வெட்டுங்கள். தனி இலை வேர்விடாது. வெட்டுவாய் 4, 5 நாள் நிழலில் காயட்டும். நட்டபின் ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம். விதையென்றால் மேலே தூவுங்கள், மண்ணால் மூட வேண்டாம்.

நானுஓயா_தோட்டம்:
பண்டாரவளை வெயிலில் இருந்துகொண்டு இதெல்லாம் சொல்லலாம். மே முதல் செப்டெம்பர் வரை எங்கள் பக்கம் மூடுபனியும் தூறலும். வெட்டுவாய் 5 நாளில் காயாது, 10 நாள் வேண்டும். டொலமைட்டும் வேண்டும்.

ஊவாக்காற்று:
மழைமாதத்தில் பிரிப்பதே தவறு. ஜனவரி, பெப்ரவரியில் பிரியுங்கள், உறைபனி படாமல் கூரைக்குள் வையுங்கள். போன மாதம் தினமும் தண்ணீர் தெளிக்கச் சொன்னதும் நீங்கள்தான். அதற்கு இன்னும் பதில் இல்லை.

நானுஓயா_தோட்டம்:
நான் சொன்னது விதை முளைக்கும் தட்டுக்கு! பேச்சை மாற்ற வேண்டாம். சுண்ணாம்புச் செடிக்குச் சுண்ணாம்பு ஆகாதென்று எங்கே இருக்கிறது?

ஹட்டன்_கள்ளி:
வேரில் வெள்ளைப் பஞ்சுபோல ஒட்டியிருக்கிறதே, அது டொலமைட்டா?

ஊவாக்காற்று:
மாவுப்பூச்சி. வேரைக் கழுவி, பழைய கலவையைக் கொட்டிவிட்டுப் புதிதில் நடுங்கள். டொலமைட் இல்லாமல்.

நானுஓயா_தோட்டம்:
ஒரு தேக்கரண்டி போடுங்கள் தம்பி.