கனடாத் தூதரகக்காரர் இளைப்பாறின பிறகும் கூடுகிறார்களே, திருகோணமலையில் நாங்களும் அப்படிக் கூடலாமா?

உவர்மலை ராஜி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்காகக் கேட்கிறேன், அவருக்குச் சொல்லவில்லை. அவர் கொழும்பில் கனடா உயர்ஸ்தானிகராலயத்தின் வர்த்தகப் பிரிவில் உள்ளூர் உத்தியோகத்தராகக் கனகாலம் இருந்து இளைப்பாறி, இப்போது உவர்மலையில் எங்களோடு இருக்கிறார். அந்தக் காலத்தில் மாற்றலாகி வந்து போன கனடாக்காரர் சிலர் இன்னும் அவருக்கு மின்னஞ்சல் போடுகிறார்கள். அதிலே ஒன்று எல்லாருக்கும் சேர்த்து வருகிற செய்திமடல். யார் ஒட்டாவா வீட்டை விற்றுவிட்டு விக்டோரியாவுக்குப் போய்விட்டார், யாருக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை, யாருடைய மனைவி காலமானார், அடுத்த மத்தியானச் சாப்பாடு எந்த உணவகத்தில், எந்தத் தேதிக்குள் வருகையைச் சொல்ல வேண்டும், கடைசியில் மறக்காமல் ஒரு வரி: அவரவர் பில் அவரவருக்கு. அப்பா இதைத் தேத்தண்ணியோடு உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார். அம்மா இருந்தபோது அம்மாவுக்கு, இப்போது எனக்கு. ஒவ்வொரு பெயருக்கும் "இவர் பருப்பு விற்க வந்தவர்", "இவருக்கு உறைப்பு ஒத்துக்கொள்ளாது" என்று ஒரு கதை இருக்கும்.

வாசித்து முடிந்ததும் முகம் வாடிவிடும். இங்கே கச்சேரி (மாவட்டச் செயலகம்), சுங்கம், துறைமுகம், வங்கி என்று அவருக்குத் தெரிந்த இளைப்பாறியவர்கள் நிறையப் பேர், ஆனால் சந்திப்பதெல்லாம் செத்தவீட்டில்தான். ஒரு ஓய்வூதியர் சங்கக் கூட்டத்துக்குப் போனார். மாலை போட்டு, பிரதம விருந்தினர் பேசி, கணக்கறிக்கையில் சண்டை வந்து, பக்கத்துக் கதிரையில் இருந்தவரிடம் சுகம் கேட்கக்கூட நேரம் கிடைக்கவில்லையாம். திரும்பப் போகவில்லை.

கனடாவில் இவர்கள் எப்படிக் கூடுகிறார்கள், இது ஒரே சங்கமா, பலவா? அப்பா "எக்ஸ்டேர்னல்காரர் வேறு, ட்ரேட்காரர் வேறு" என்கிறார், அது என்ன கதை? எல்லாவற்றையும் விட, திருகோணமலையில் இப்படி ஒன்றை எங்கே பிடித்துத் தொடங்குவது?

ஒட்டாவா சுதன் எழுதியது:

ராஜி அக்கா, எனக்குச் சாம்பல்தீவு. இங்கே உணவகத்தில் வேலை, இப்படியான மத்தியானக் கூட்டங்களுக்கு மேசை போட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் தெரியும்.

ஒரே சங்கம் இல்லை. தூதுவர், உயர்ஸ்தானிகர் என்று ஒரு பணிமனைக்குத் தலைமை தாங்கியவர்களுக்குத் தனிச் சங்கம் இருக்கிறது, சுருக்கமாக ரோமா என்பார்கள். வெளிநாடுகளில் விசா கொடுத்த குடிவரவு அதிகாரிகளுக்கு வேறொன்று, கனடியக் குடிவரவு வரலாற்றுச் சங்கம், 1986இல் தொடங்கியது. எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் இவர்கள் சாப்பிட்டுக் கலைந்து போகிறவர்கள் இல்லை, எழுதுகிறார்கள். 1972இல் இடி அமீன் துரத்தின ஆசியர்களைக் கம்பாலாவில் இருந்து விமானம் ஏற்றியது, 1979, 80 அளவில் இந்தோசீன அகதிகள் 60,000 பேரைக் கொண்டுவந்தது, இதையெல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களே நினைவில் இருந்து எழுதி மடலில் போடுகிறார்கள். அதே 1986 ஓகஸ்டில்தான் நம்மவர்கள் 155 பேர் நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்து, மீனவர்களால் காப்பாற்றப்பட்டார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த நாங்கள் அதில் எவ்வளவு எழுதி வைத்திருக்கிறோம் என்று யோசித்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும், சரி, அது வேறு திரிக்கு.

மத்திய அரசில் வேலை செய்து பென்ஷன் எடுக்கிற எல்லாருக்கும் பொதுவாக ஒரு தேசியச் சங்கம் 1963இல் இருந்து இருக்கிறது. அது பென்ஷன், மருந்துச் செலவு என்று அரசோடு வாதாடுகிற இடம். கூட்டாளிகள் கூடுவது அங்கே இல்லை. அதற்குப் பெயரே இல்லாத சின்னச் சின்னக் கூட்டங்கள் உண்டு, ஒரே தூதரகத்தில் ஒன்றாக இருந்தவர்கள், ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்று. அப்பாவுக்கு வருகிற மடல் அப்படி ஒன்றில் இருந்துதான் வரும் என்று நினைக்கிறேன்.

எக்ஸ்டேர்னல் என்றால் வெளிவிவகாரம், ட்ரேட் என்றால் வர்த்தகம், அது பழைய கதை. வர்த்தகக்காரர் "நாங்கள்தான் மூத்தவர்கள்" என்பார்கள், அது உண்மையும்தான். கனடாவின் முதல் முழுநேர வர்த்தக ஆணையாளர் ஜோன் ஷோர்ட் லார்க் சிட்னிக்கு நியமிக்கப்பட்டது 1894இல். வெளிவிவகாரத் திணைக்களம் பிறந்தது 1909இல்தான், அதுவும் ஒட்டாவாவில் ஒரு சலூனுக்கு மேல்மாடியில். 1982இல் வர்த்தக ஆணையாளர்களைத் தொழில், வர்த்தக அமைச்சில் இருந்து எடுத்து வெளிவிவகாரத்தோடு சேர்த்தார்கள். 2003 டிசம்பரில் பிரித்தார்கள். 2006இல் திரும்பச் சேர்த்தார்கள். 2013இல் வெளிநாட்டு உதவி கொடுக்கிற சீடாவையும் உள்ளே இழுத்தார்கள். பிறகு 2015இல் பெயர்ப்பலகையும் மாறியது. இத்தனைக்கும் பிறகு இளைப்பாறியவர்கள் தாங்கள் சேர்ந்தபோது இருந்த பெயரையே பிடித்துக்கொண்டு இருப்பது எனக்கு ஆச்சரியமில்லை. 1980இல் தெஹ்ரானில் ஆறு அமெரிக்கர்களை ஒளித்து வைத்து வெளியே அனுப்பிய தூதுவர் கென் டெய்லர் இருக்கிறாரே, அவர் வர்த்தக ஆணையாளராக வேலை தொடங்கி அந்தச் சேவைக்கே தலைவராக இருந்தவர். வர்த்தகக்காரர் மேசையில் அவர் பெயர் அடிபடாமல் சாப்பாடு முடியாது.

பழைய கச்சேரி எழுதியது:

பிள்ளை, முதலில் ஒன்று சொல்கிறேன், சங்கம் தொடங்காதீர்கள். நான் எழுதுவினைஞராகச் சேர்ந்து நிர்வாக உத்தியோகத்தராக இளைப்பாறியவன், எத்தனையோ சங்கங்களின் கோவைகளைப் பார்த்தவன். யாப்பு, பதிவு, வங்கிக் கணக்கு என்று போனால் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று கதிரை போட வேண்டிவரும், நாலாவது ஆள் கோபித்துக்கொண்டு போய்விடுவார். உங்கள் அப்பா பார்த்த கணக்கறிக்கைச் சண்டைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

அந்தக் கனடா மடலில் நான் கவனித்தது, சாப்பாடு அதில் கடைசி விஷயம். முதலில் செய்தி. யார் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று மாதாமாதம் தெரிந்துகொண்டிருந்தால் சந்திக்கும்போது தொட்டுக் கதைக்க ஏதாவது இருக்கும். ஆகவே ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், மாதம் பிறந்ததும் ஒரு செய்தி எழுதி வாட்ஸ்அப்பில் போடட்டும். மற்றவர்கள் அதில் எழுத முடியாதபடி பூட்டி விடுங்கள், இல்லாவிட்டால் காலை வணக்கப் பூப்படமும் யாரோ சொன்ன மூலிகை வைத்தியமும் வந்து குவிந்து, செய்தியை அடியில் தேட வேண்டி இருக்கும். கண்புரை உள்ளவர்களுக்கு அதையே குரலில் பதிந்து அனுப்பலாம். நோய் நொடி பற்றிப் போடும்போது மட்டும் அந்த ஆளிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். நம்மவர்களில் சிலர் வருத்தத்தைப் பிள்ளைகளுக்கே மறைக்கிறார்கள்.

அந்த ரோமா மாதிரித் தலைமைப் பதவியில் இருந்தவர்களுக்கு மட்டும் என்று இங்கே ஒன்று வைத்தால் நாலைந்து பேர்தான் தேறுவார்கள், அதில் இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. ஜி.ஏ.யாக, அதாவது அரசாங்க அதிபராக, இருந்தவரும் பியோனாக இருந்தவரும் ஒரே மேசையில் இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம், அதைச் செய்ய முடிந்தால் மிச்சம் எல்லாம் லேசு.

சீனன்குடா எழுதியது:

வெள்ளைக்காரத் தூதுவர்கள் உணவகத்தில் சாப்பிடுகிறார்கள் என்று நாங்களும் கிளம்புவதா? 2022க்குப் பிறகு விற்கிற விலைக்குப் பென்ஷன் மருந்துக்கே போதாது. கனடாவுக்கும் திருகோணமலைக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் இருக்கிறது என்று இந்தத் திரி இவ்வளவு நீளுகிறது?

தண்டவாளம் எழுதியது:

தம்பி சீனன்குடா, காசைப் பற்றிச் சொன்னது சரி, மற்றதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் ரயிலில் வேலை செய்தவன் கனடாவை மறக்க ஏலாது. கொழும்புத் திட்டம் என்று 1950 ஜனவரியில் கொழும்பில் கூடிப் பேசினார்களே, அதன் கீழ் வந்தவைதான் எம்2 டீசல் என்ஜின்கள். முதலாவது வந்தது 1954இல். ஒன்டாரியோ, அல்பேர்டா என்று கனடா மாகாணங்களின் பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டு ஓடின. 2004இல் பெரலியவில் சுனாமி அடித்த ரயிலை இழுத்துப் போனதும் அதில் ஒன்று, 591 மனிடோபா. அதைத் திருத்தித் திரும்ப ஓடவிட்டார்கள். இப்படி ஒரு என்ஜின் இங்கே வந்து சேர அங்கே யாரோ ஒரு அதிகாரி கடிதம் எழுதி, விலை பேசி, கப்பல் ஏற்றி இருப்பார், அப்படிப்பட்டவர்கள்தான் இப்போது அந்த மத்தியானச் சாப்பாட்டில் இருக்கிறார்கள், அல்லது அவர்களுக்குப் பிறகு வந்தவர்கள்.

நீங்கள் இருக்கிற சீனன்குடாவிலேயே 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் குண்டு போட்டான். அந்தக் கப்பற்படை வருகிறது என்று அதற்கு முன்பே, 4ஆம் திகதி, கொக்கலையில் இருந்து கட்டலினா விமானத்தில் போய்க் கண்டு கம்பியில்லாத் தந்தி அடித்தவர் லெனார்ட் பேர்ச்சல் என்ற கனடா விமானி. அடித்துக்கொண்டு இருக்கும்போதே அவருடைய விமானத்தைச் சுட்டு விழுத்திச் சிறை பிடித்தார்கள். மற்றது, உங்கள் வீட்டில் இன்றைக்குப் பருப்புக் கறி என்றால் அந்தப் பருப்பு கனடாவின் சஸ்கச்சுவானில் விளைந்ததாகவும் இருக்கலாம். ராஜியின் அப்பா அந்தப் பக்கத்துக் கதை நல்லாய்ச் சொல்வார்.

காசுக்கு வருவோம். அவரவர் பில் அவரவருக்கு என்பது இங்கே சரிவராது. ஒருவர் வெளிநாட்டில் இருக்கிற மகனின் காசில் எல்லாருக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுவார், கொடுக்க இல்லாதவர் அடுத்த முறை வரமாட்டார். உணவகமே வேண்டாம். பிளேன்டீ, வடை, வாழைப்பழம். வாசலில் ஒரு தகரப் பேணி, போடுகிறவர் போடட்டும், யாரும் பார்க்கவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம்.

மூதூர் நிஸா எழுதியது:

ராஜி, நான் தபால் கந்தோரில் இருந்து இளைப்பாறியவள். எல்லாரும் சேர்மாராக எழுதி இருக்கிறார்கள், ஒரு பெண்ணாகச் சிலதைச் சொல்ல வேண்டும்.

பின்னேரம் வைக்க வேண்டாம். பின்னேரம் என்றால் ஆறு மணிக்குப் பிறகு யாரோ ஒருவர் போத்தலை எடுப்பார், அதோடு பெண்கள் வருவது நின்றுவிடும், முஸ்லிம் ஆட்களும் நின்றுவிடுவார்கள். சனிக்கிழமை காலை பத்து மணி நல்லது. வெள்ளிக்கிழமை ஜும்மா, போயா நாளில் சிங்கள ஆட்கள் பன்சலைக்குப் போவார்கள். கிண்ணியாப் பாலமும் அந்த வழியில் மற்றப் பாலங்களும் திறந்த பிறகு மூதூரில் இருந்து பஸ்ஸிலேயே வந்து போகலாம், முன்பு ஆற்றைக் கடக்க மிதவைப் பாதையில் ஏறி இறங்கின கஷ்டம் இல்லை, என்றாலும் இருட்ட முன் வீடு போக வேண்டும். கோயில் மண்டபமும் வேண்டாம், பள்ளிவாசல் பக்கமும் வேண்டாம், யாருடைய வீட்டு விறாந்தையாவது சரி. மாதச் செய்தியைச் சிங்களத்திலும் எழுத ஒரு ஆளைப் பிடியுங்கள். கச்சேரியிலும் துறைமுகத்திலும் எங்களோடு வேலை செய்தவர்களில் எத்தனை சிங்கள ஆட்கள், அவர்களை விட்டுவிட்டுக் கூடினால் அது பாதிக் கூட்டம்தான்.

முக்கியமான கேள்வி இது. உத்தியோகத்தர் மௌத்தாகிவிட்டால் அவருடைய மனைவிக்குச் செய்தி போகுமா? என் தெருவில் மூன்று பேர் அப்படி இருக்கிறார்கள். மனிதர் இருந்தவரைக்கும் வீடு நிறையக் கந்தோர் ஆட்கள், கத்தம் ஓதி முடிந்த பிறகு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அவர்களைச் சேர்ப்பதாக இருந்தால் நானும் வருகிறேன், சீனிச் சம்பல் பணிஸ் என் பொறுப்பு.

ஒட்டாவா சுதன் எழுதியது:

நிஸா அக்கா சொன்னதுக்கு இங்கேயும் அப்படித்தான், துணைவர்களும் வருவார்கள், தனியானவர்களும் வருவார்கள். ஒவ்வொரு மாற்றலுக்கும் வேலையை விட்டுப் பெட்டி கட்டியவர்கள் அவர்கள்தானே.

ராஜி அக்கா, இன்னொரு விஷயம். கனடா அதிகாரிகள் மூன்று நாலு வருடத்தில் மாறிப் போய்விடுவார்கள். அதே கந்தோரில் நிலையாக இருக்கிறவர்கள் உள்ளூர் உத்தியோகத்தர்தான். ஆகவே முன்னுக்கு வந்தவரையும் பின்னுக்கு வந்தவரையும் அப்பாவுக்குத் தெரியும், அவர்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியாமல் இருக்கலாம். மடலை வாசிப்பதோடு நிற்காமல் அவரையே அதற்கு எழுதச் சொல்லுங்கள். கொழும்புப் பணிமனைக் கதையை அவர்களை விட அவர் நன்றாக எழுதுவார், நீங்கள் தட்டச்சு செய்து கொடுத்தால் போதும்.

உவர்மலை ராஜி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அப்பாவிடம் சொல்லிவிட்டேன். முதலில் "ஊர் முழுக்க என் கதையா" என்று கோபம், பிறகு பழைய கச்சேரி ஐயா எழுதினதைத் திருப்பி வாசிக்கச் சொன்னார், நாலைந்து பேர்தான் தேறுவார்கள் என்ற இடத்தில் சிரித்தார். யார் அந்த இரண்டு பேர் என்று தனக்குத் தெரியுமாம்.

சீ.ஆர். கொப்பி ஒன்றில் பெயர் எழுதத் தொடங்கி இருக்கிறார். நிஸா அக்கா சொன்னபடி இறந்துபோனவர்களின் மனைவிமாருக்கு ஒரு பக்கம் தனியாக விட்டிருக்கிறார், அது மற்றப் பக்கங்களை விட நீளமாகப் போகிறது. இடம் எங்கள் வீட்டு விறாந்தை, பதினைந்து பேர் தாராளமாக இருக்கலாம். தகரப் பேணிக்கு அவர் இன்னும் சம்மதிக்கவில்லை, "என் வீட்டுக்கு வந்து காசு போடுவதா" என்கிறார், அதைத் தண்டவாளம் ஐயாதான் நேரில் வந்து கதைக்க வேண்டும். சுதன், கனடா மடலுக்கு எழுதுவது பற்றிக் கேட்டேன், பதில் இல்லை, ஆனால் பழைய அல்பத்தை எடுத்து வைத்திருக்கிறார்.

கந்தளாய், தம்பலகாமம் பக்கத்தில் நீர்ப்பாசனத்தில் இருந்து இளைப்பாறியவர்கள் யாரையாவது தெரிந்தால் எனக்குத் தனிமடல் போடுங்கள், அந்தப் பக்கம் கொப்பியில் வெறுமையாகக் கிடக்கிறது. தொலைபேசி இலக்கத்தைத் திரியில் போட வேண்டாம்.