சாதகம் எதை வளர்க்கிறது, மேடை எதை வளர்க்கிறது?

நாலாம்தந்தி:
ஆறு வருஷமாக வயலின். தினமும் இரண்டு மணி நேரம் சாதகம், அதாவது வீட்டில் வாசித்துப் பயிற்சி. போன வாரம் மேடையில், வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கும் இடத்தில் கை நின்றுவிட்டது. இத்தனை நாள் சாதகம் எதைத்தான் வளர்த்தது?

லயப்பித்தன்:
விரல், சுருதி, தாளம், ஞாபகம் எல்லாமே சாதகத்தில் வருவதுதான். மேடை புதிதாக எதையும் தராது, உள்ளதை வெளியே காட்டும். உளவியலாளர் ராபர்ட் ஸயன்ஸ் 1965-லேயே சொன்னார்: ஆள் பார்க்கும்போது நன்றாகப் படிந்த வேலை இன்னும் நன்றாக வரும், அரைகுறையாகப் படிந்தது கெடும். உங்களுக்கு அந்த இடம் படியவில்லை. மெட்ரோனோமை (சீராகத் தட்டிக் காலம் காட்டும் கருவி) மெதுவாக வைத்து மறுபடி தொடங்குங்கள்.

மேடைக்காரன்:
ஒத்துக்கொள்ள மாட்டேன். வீட்டில் தப்பு வந்தால் நிறுத்தி, இரண்டு வரி பின்னால் போய்த் திரும்ப வாசிப்போம். ஆயிரம் தடவை அப்படிச் செய்தால் கை பழகுவது நிற்பதற்குத்தான். மேடையில் அது தானாக நிற்கிறது. விட்ட இடத்தை விட்டுவிட்டு தாளத்தின் அடுத்த தட்டில் போய்ச் சேர்வது தனித் திறமை. கூட வாசிப்பவர் வேகம் கூட்டினால் காது உடனே பிடிக்க வேண்டும். தனியறையில் அதை எப்படிப் பழகுவது? அப்புறம் வில் நடுக்கம். வேகமான இடத்தில் தெரியாது. மெதுவாக, நீளமாக இழுக்கும் ஒற்றை ஸ்வரத்தில் வில் துள்ளும். அந்த நடுக்கத்தோடு வாசித்துப் பழக, முதலில் நடுக்கம் வர வேண்டுமே!

லயப்பித்தன்:
நடுக்கம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் நிற்காமல் வாசிப்பதை வீட்டிலேயே பழகலாம். ஃபோனில் ரெக்கார்டிங் போட்டுவிட்டு, என்ன ஆனாலும் கடைசிவரை போக வேண்டும். அதுவும் சாதகம்தான்.

சுதிசுத்தம்:
மணிக்கணக்கை ரொம்ப நம்பாதீர்கள். 2014-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இசையில் ஆளுக்கு ஆள் உள்ள திறமை வித்தியாசத்தில் சுமார் 21 சதவீதம்தான் பயிற்சியோடு ஒத்துப்போனது.

மேடைக்காரன்:
அது ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம். ஒருத்தர் சாதகம் செய்தால் நேற்றைவிட முன்னேறுவாரா என்பது வேறு கேள்வி. அதற்கு இந்த எண் பதில் ஆகாது.

நாலாம்தந்தி:
நேற்று ரெக்கார்டிங் போட்டு வாசித்தேன். ஆள் யாரும் இல்லாமலே அதே இடத்தில் நின்றது. திரும்பக் கேட்டால், அதற்கு இரண்டு ஸ்வரம் முன்பே நாலாம் விரல் சுருதி இறங்கியிருக்கிறது. இத்தனை நாள் அது என் காதில் விழவே இல்லை. லயப்பித்தன், அந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டேன். மேடைக்காரன், நாலு நண்பர்கள் முன்னால் எப்போது வாசிக்கலாம்? அடுத்த மாதம்?

மேடைக்காரன்:
இந்த வாரமே.