ஸ்காபரோ குளிரில் நெடுநல்வாடை

ஐம்பது வயதைத் தாண்டி நான் சங்க இலக்கியம் படிக்கப் போனதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. முதியோர் பராமரிப்பு இல்லத்தில் எனக்கு இரவு வேலை. அதற்கு முந்தைய மாலையில் வீட்டில் உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன். பெரியவர்களுக்கான தமிழ் வகுப்பொன்று பக்கத்தில் நடந்தது, சேர்ந்துவிட்டேன்.

சனவரி மாதம். கனடாவின் ஸ்காபரோவில், லாரன்ஸ் வீதியில் 54ஆம் இலக்க பஸ்ஸுக்குக் காத்து நின்றால் மூக்குக்குள் ஈரம் உறைந்துபோகும். வகுப்பில் எடுத்த பாட்டோ நக்கீரரின் நெடுநல்வாடை. பத்து நீண்ட சங்கப் பாட்டுகளின் தொகுப்பான பத்துப்பாட்டில் ஒன்று, 188 அடி. அதில் உறைபனி கிடையாது, மழையும் வாடைக்காற்றும்தான். இடையர்கள் நெருப்பில் கை காய்ச்சிக் கன்னத்தில் ஒற்றியும் நடுங்குகிறார்கள். பறவைகள் மரத்திலிருந்து விழுகின்றன. பால் குடிக்க வந்த கன்றைப் பசு உதைத்துத் தள்ளுகிறது.

இந்தக் கடைசி இடத்தில்தான் வகுப்பு நின்றது. குளிரின் கொடுமையைக் காட்டப் புலவர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார் என்றார் ஆசிரியர். பின்வரிசையில் இலங்கையின் வன்னியிலிருந்து வந்த ஐயா ஒருவர் இருந்தார், எழுபதை நெருங்கியவர், அதுவரை வாய் திறக்காதவர்.

"கூட்டிச் சொல்லவில்லை, தம்பி. எங்கள் பட்டியில் அறுபது மாடு நின்றது. மாரியில் காற்றும் மழையும் சேர்ந்தால் காம்பு வெடித்துவிடும். கன்று முட்டினால் பசுவுக்கு உயிர் போகும். உதைக்காமல் என்ன செய்யும்?"

ஆசிரியர் தன் குறிப்பேட்டில் அதை எழுதிக்கொண்டார். அவர்மேல் எனக்கு மதிப்பு வந்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு ஐயாவைக் கேட்காமல் ஒரு அடியும் நகரவில்லை. மேகம் சூரியனை மறைத்ததால் பெண்கள் பிச்சி மொட்டு விரியும் மணத்தை வைத்து மாலை வந்ததை அறிந்து விளக்கேற்றும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும் ஊர் இது. என் வீட்டில் பொழுது சொல்வது மைக்ரோவேவ் மட்டுமே.

கடைசி வகுப்பில் சண்டை. இது காதலைப் பாடும் அகமா, போரையும் அரசரையும் பாடும் புறமா? போருக்குப் போன அரசனின் பிரிவால் அரண்மனையில் அரசி கலங்கிக் கிடக்கிறாள். ஆனால் அரசனுக்கு முன்னே செல்லும் வேலில் வேப்பந்தார் கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. ஆள் யாரென்று தெரிந்துவிட்டால் அகம் ஆகாது என்பது பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பக்கம். ஐயா அகம் என்று அடித்துச் சொன்னார். அரசியின் கண்ணீரைக் கணக்கில் எடுக்காத உரை என்ன உரை என்று கேட்டார்.

நான் புறம் என்றேன். வேப்பந்தாருக்காக அல்ல. நள்ளிரவில் காற்றில் விளக்குகள் அலைய, சிலரோடு மட்டும் பாசறையில், அதாவது போர் முகாமில் நடந்து, புண்பட்ட வீரர்களைப் போய்ப் பார்க்கிறான் அரசன். அறை அறையாக டார்ச் அடித்து நோயாளிகளைப் பார்த்து வருகிற எனக்கு அது வேலை நேரமாகத்தான் தெரிந்தது. அந்த நேரத்தில் வீட்டு நினைவு வரும், ஆனால் அதோடு நின்றுகொண்டிருக்க முடியாது.

"அரசனுக்கு அது வேலை, பாட்டு யாருக்காகப் பாடப்பட்டது, பிள்ளை?" என்றார் ஐயா. அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அடுத்த பருவத்தில் பத்துப்பாட்டின் இன்னொரு பாட்டான முல்லைப்பாட்டு. 103 அடிதான், அதிலும் ஒரு பாசறை இருக்கிறதாம். இருவரும் பெயர் கொடுத்துவிட்டோம்.