துருக்கி மன்ட்டி வேகும்போது பிரிந்துவிடுகிறது, எங்கே தவறு?

மாவும்மிளகும்:
துருக்கியில் கய்செரி ஊருக்குப் போயிருந்தபோது மன்ட்டி சாப்பிட்டேன். அரபு மந்திச் சோறு இல்லை, இது கறி வைத்து மடித்த குட்டிக் குட்டி மாவு மூட்டை, மேலே பூண்டுத் தயிரும் உருக்கிய வெண்ணெயும். அந்த ருசி இன்னும் நாக்கிலேயே நிற்கிறது. நேற்று வீட்டில் செய்தேன். சப்பாத்திப் பதத்தில் மைதா பிசைந்து, கொத்துக்கறியை மசாலா போட்டு வதக்கி ஆறவைத்து மடித்தேன். முதல் இருபது நன்றாக ஒட்டின, அப்புறம் மடித்தவை ஒட்டவே இல்லை. கொதிக்கிற தண்ணீரில் போட்டதும் கறி தனி, மாவு தனி. தயிரும் திரிந்துபோனது. யாராவது சொல்லுங்கள்.

பெர்லின்காரி:
கறியை வதக்காதீர்கள், முதலில் அதை நிறுத்துங்கள். பக்கத்து வீட்டுத் துருக்கி அம்மாவிடம் கற்றுக்கொண்டபோது நானும் இதைத்தான் கேட்டேன், பச்சைக் கறி வேகுமா என்று. கொண்டைக்கடலை அளவுதான் வைக்கிறோம், மாவு வேகிற நேரத்தில் அதுவும் வெந்துவிடும், வேகும்போது இறுகி ஒரே உருண்டையாகவும் நிற்கும். வதக்கிய கறி உதிரியாக இருப்பதால் ஓரத்தில் எண்ணெயும் துணுக்கும் ஒட்டிக்கொள்கிறது, அப்புறம் எப்படி மாவு ஒட்டும்? 150 கிராம் கறிக்கு ஒரு சின்ன வெங்காயத்தைத் துருவிப் பிழிந்து சாறை எடுத்துவிட்டுச் சேருங்கள், உப்பு, மிளகு, அவ்வளவுதான்.

மாவு சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக இருக்கவேண்டும். 250 கிராம் மைதாவுக்கு ஒரு முட்டை, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு நன்றாக அழுத்திப் பிசைந்து அரைமணி நேரம் மூடி வையுங்கள். தேய்த்ததை மொத்தமாக வெட்டிப் பரப்பியிருப்பீர்கள், அதுதான் இருபதுக்குமேல் காய்ந்துபோனது. ஒரு பட்டையாக வெட்டி மடியுங்கள், மீதி ஈரத்துணிக்கு அடியில் இருக்கட்டும். நாலு மூலையையும் நடுவில் சேர்த்துக் கிள்ளிவிட்டு, நாலு ஓரங்களையும் விரலால் ஒருமுறை அழுத்துங்கள்.

கடுகுவெடி:
மேலே சொன்னதோடு இன்னொன்று. மடித்ததைத் தட்டில் பரப்பி அவனில் (oven) லேசாகச் சிவக்கும்வரை வைத்து எடுத்தால் தண்ணீரில் பிரியாது. வேக மட்டும் சில நிமிடம் கூடும். அளவில் ஆரம்பத்திலேயே கய்செரிக்காரர்களோடு போட்டி வேண்டாம், அங்கே ஒரு கரண்டியில் நாற்பது நிற்கவேண்டும் என்பார்கள். 3 செ.மீ. சதுரம் போதும்.

தயிர் ஃபிரிட்ஜிலிருந்து நேராக வரக்கூடாது, அடுப்பிலும் ஏறக்கூடாது. தண்ணீரை நன்றாக வடித்துவிட்டு, பூண்டு நசுக்கிப் போட்ட கெட்டித் தயிரை மேலே ஊற்றுங்கள். கடைசியில் வெண்ணெயை உருக்கி, நுரை அடங்கியதும் இறக்கி, மிளகாய்த் துணுக்கைப் போட்டு, சிவந்த எண்ணெயை அந்த வெள்ளைமேல் சுற்றி ஊற்றவேண்டும். அடுப்பிலேயே போட்டால் கருகிக் கசக்கும். காய்ந்த புதினாவும் சுமாக் என்கிற புளிப்புப் பொடியும் தூவ மறக்காதீர்கள்.

இட்லிப்பானை:
ஆவியில் வைக்கலாமே?

பெர்லின்காரி:
அது உஸ்பெக் மன்ட்டி, பெரிதாக இருக்கும், அதை ஆவியில்தான் வைப்பார்கள். இந்தக் குட்டிக்குத் தண்ணீர்தான். தயிர் பிடிக்காதவர்கள் சினோப் ஊர் வழக்கப்படி வெண்ணெயும் வால்நட்டும் போட்டுப் பாருங்கள், அருமையாக இருக்கும்.

மாவும்மிளகும்:
இன்று பச்சைக் கறி வைத்துச் செய்தேன், ஈரத்துணி போட்டு, அவனிலும் வைத்து. அறுபதில் இரண்டுதான் பிரிந்தன. மிளகாய் மட்டும் கருகிவிட்டது, சூடு அடங்குவதற்குள் போட்டுவிட்டேன். பாதியைச் சமைக்காமல் ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை சினோப் முறையில் செய்யப்போகிறேன்.