புதுப்பிப்பு: இன்டெக்ஸ் ஏறிட்டு, ராத்திரி ஜாப் படுத்துட்டு

போன வாரம் கேட்டிருந்தேன்லா, பாளையங்கோட்டை மளிகை மொத்தக்கடை பில்லிங், பில் தேதிய எவனோ டெக்ஸ்ட்டா 15/01/2019-னு சேத்து வச்சிருக்கான், அதுலருந்து கம்ப்யூட்டட் காலம் (column, டேபிள்ல வேற பத்திலருந்து தானா கணக்காகி வர்ற பத்தி) பண்ணி இன்டெக்ஸ் (சீக்கிரம் தேட அடுக்கி வைக்கிற பட்டியல்) போட்டா எஸ்க்யூஎல் சர்வர்ங்கிற டேட்டாபேஸ் 'டிட்டர்மினிஸ்டிக் இல்ல', அதாவது எப்பவும் ஒரே மதிப்பு வராதுன்னு தள்ளுதுன்னு.

தப்பு எம்மேலதான். டெக்ஸ்ட்ட தேதியா மாத்துற கன்வெர்ட்ல, நாள் மாசம் எந்த வரிசைன்னு சொல்ற ஸ்டைல் நம்பர் குடுக்கல, அது இல்லன்னா 03/04ங்கிறது ஏப்ரல் 3-ஆ மார்ச் 4-ஆன்னு செஷன் செட்டிங்க பொறுத்து மாறும், மாறுற மதிப்ப எப்டி அடுக்கி வைக்கும் சொல்லுங்க. நாள்/மாசம்/வருசம்னு சொல்ற 103 குடுத்தேன், அதோட போச்சு. பெர்சிஸ்டட் (கணக்கான மதிப்ப டேபிள்லயே சேத்து வைக்கிறது) போடச் சொன்னவங்களுக்கு: இதுக்கு வேண்டாம், இன்டெக்ஸே மதிப்ப வச்சுக்கிடுது, ஃப்ளோட் (துல்லியம் கொறஞ்ச தசம எண்) கணக்குன்னாதான் அது வேணும். நடுவுல ரெண்டு பில்லுல 31/02-னு இருந்து எர்ரர் அடிச்சுது, பழைய பில் புக்க தூசி தட்டி பாத்து திருத்துனேன், தும்மல் இன்னும் நிக்கல.

மறுநாள் காலைல கடைக்கார அண்ணாச்சி போன், "ஏய்யா, ராத்திரி கணக்கு ஒண்ணும் ஏறலயே"ன்னு. பாத்தா எர்ரர் 1934. தானா கணக்கு ஏத்துற ராத்திரி ஜாப் எஸ்க்யூஎல்சிஎம்டி (sqlcmd, கமாண்ட் அடிச்சு எஸ்க்யூஎல் ஓட்டுற டூல்) வழியா ஓடுது, அதுல குவோட்டட் ஐடென்டிஃபையர்ங்கிற செட்டிங் தானாவே ஆஃப்ல இருக்கும், இந்த மாதிரி இன்டெக்ஸ் உள்ள டேபிள்ல அது ஆன்ல இல்லாம இன்சர்ட்டே பண்ண முடியாது. அத ஆன் பண்ண கமாண்ட்ல மைனஸ் ஐ (-I, பெரிய எழுத்து ஐ) சேத்தேன். நேத்து ராத்திரி சுத்தமா ஓடிட்டு, அண்ணாச்சி இன்னும் அடுத்த போன் போடல.